முழு வாக்கியம்

டிவி ரிமோட்டுக்கு பேட்டரி தேடி மேசை இழுப்பறையைக் குடைந்துகொண்டிருந்தேன். பழைய சாவிகள், காலாவதியான மாத்திரை அட்டைகள், எல்லாவற்றுக்கும் அடியில் ஆக்ஸிமீட்டர். 2021இல் வீட்டுக்கு வீடு ஒன்று வாங்கிப் போட்டோமே, அதுதான். இன்னும் உயிர் இருக்கிறதா என்று விரலைக் கொடுத்தேன். சற்று யோசித்துவிட்டு 98 என்றது.

இதே விரலில் 79 பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு மருத்துவர் "நன்றாக இருக்கிறீர்கள்" என்று சிரித்தார்.

அது 2019 ஜனவரி. அர்ஜென்டினாவில் அகோன்காகுவா மலையின் அடிவார முகாம். அடிவாரம் என்று பேர்தான், அதுவே 4,300 மீட்டர். பிளாசா டி முலாஸ் என்பார்கள், கோவேறு கழுதைகளின் சதுக்கம். மூட்டைகளைக் கழுதைகள் அதுவரைதான் சுமக்கும். அதற்கு மேல் நாம்தான் கழுதை. மருத்துவர் கூடாரத்துக்கு வெளியே வரிசையில் நின்று, விரலையும் கையையும் கொடுத்து, நுரையீரலைக் கேட்கவிட்டு, அவர் சரி என்றால்தான் மேலே விடுவார்கள்.

எங்கள் கைடு மென்டோசாக்காரர். அந்த எண்ணை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததாக நினைவில்லை. காலைத்தான் பார்ப்பார். ஓர்கோனஸ் பள்ளத்தாக்கில் நடக்கத் தொடங்கிய முதல் நாளே, முன்னால் விறுவிறுவென்று போன என்னைப் பின்னுக்கு இழுத்து, "டெஸ்பாசியோ" என்றார். மெதுவாக. பதினைந்து நாளில் நான் கற்ற ஸ்பானிய மொழியில் பாதி அந்த ஒரு சொல்தான்.

மாலையானால் மாத்தே கொண்டுவருவார். சுரைக்குடுவையில் இலையைப் போட்டு வெந்நீர் ஊற்றி, ஒரே உலோகக் குழலால் ஆளுக்கு ஒரு முறை உறிஞ்சிக் குடிப்பது. சொம்பைத் தூக்கி அண்ணாந்து குடித்து வளர்ந்தவனுக்கு முதல் நாள் தொண்டைக்குள் இறங்கவில்லை. மூன்றாம் நாள் என் முறை எப்போது வரும் என்று குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டே வருடத்தில், ஒருவர் தொட்ட தம்ளரை இன்னொருவர் தொடாத காலம் வரும் என்று யார் கண்டது?

மலையேற்றம் என்றால் ஏறுவது என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் பாதி நாள் இறங்கிக்கொண்டிருந்தோம். சாப்பாட்டையும் எரிவாயுவையும் சுமந்துகொண்டு கனடா முகாமுக்கு, ஏறக்குறைய 5,000 மீட்டருக்கு, ஏறுவோம். மூட்டையை வைத்துவிட்டு இறங்கி வந்து கீழே தூங்குவோம். மறுபடி அதே சரளைக்கல் சரிவு. இரண்டடி வைத்தால் ஓரடி வழுக்கும். ரத்தம் அந்தக் காற்றுக்குப் பழக வேண்டும், அதற்குக் குறுக்குவழி கிடையாது. ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்வார் கைடு. குடித்ததற்கு நடுராத்திரியில் கூலி கொடுக்க வேண்டும்.

நிடோ டி கோந்தோரஸ் முகாமில், 5,500 மீட்டருக்கு மேல், அப்படித்தான் ஒருநாள் இரவு நடுங்கிக்கொண்டு வெளியே வந்தேன். ஊரில் தெற்கே அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே மினுக்குகிற அகத்திய நட்சத்திரம் அங்கே கிட்டத்தட்ட உச்சியில் நின்றது. அகத்தியர் தெற்கே போன கதையைக் கேட்டிருக்கிறேன். தெற்கு இவ்வளவு தூரம் இருக்கும் என்று தெரியாது.

இந்த மலை உச்சியை முதலில் தொட்டதும் ஒரு கைடுதான். எட்வர்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற மலையேறி செலவு செய்து படையோடு வந்தார். பலமுறை முயன்றும் உடம்பு ஒத்துழைக்கவில்லை. 1897 ஜனவரி 14 அன்று அவருடைய சுவிஸ் வழிகாட்டி மத்தியாஸ் சுர்பிரிகன் தனியாகப் போய் நின்றார். கூலி கொடுத்தவர் திரும்பிப் பார்த்துக்கொண்டே இறங்கியிருப்பார்.

அவர்களுக்கும் முன்னால் வந்த ஒருவன் இறங்கவே இல்லை. 1985இல் இந்த மலையில் சுமார் 5,300 மீட்டர் உயரத்தில் மென்டோசா மலையேறிகள் ஒரு சிறுவனின் உடலைக் கண்டெடுத்தார்கள். ஏழு வயது இருக்கும். இன்கா காலத்தில் மலைக்குப் பலியாகக் கொடுக்கப்பட்டவன். அவனையும் யாரோ கூட்டிக்கொண்டுதான் போயிருக்கிறார்கள். அவனிடமும் மெதுவாக நட என்று சொல்லியிருப்பார்களா?

உச்சிக்குப் புறப்பட்ட நாள். கோலரா முகாமிலிருந்து இருட்டிலேயே கிளம்பினோம். ஓர் அடி, இரண்டு மூச்சு. ஓர் அடி, மூன்று மூச்சு. லா குவேவா என்கிற பாறைக்குடைவுக்கு வந்து உட்கார்ந்தபோது உச்சிக்கு முந்நூறு மீட்டர்தான் மிச்சம். தலைக்கு மேலே கனலேட்டா, கடைசிச் செங்குத்து. காலில் கட்டியிருந்த இரும்பு முட்களின் வார் ஒன்று அவிழ்ந்திருந்தது. அதைக் கொக்கிக்குள் நுழைக்க முயன்றுகொண்டே இருந்தேன். வார் நுழைந்தது. எந்தப் பக்கத்திலிருந்து இழுப்பது என்பதுதான் மறந்துபோயிருந்தது.

கைடு எதிரில் குந்தி உட்கார்ந்தார். நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். தெளிவாகத்தான் பதில் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்தார். மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிவிட்டு, என் வாரை அவரே இழுத்து மாட்டி, கையைப் பிடித்துக் கீழ்ப்பக்கம் திருப்பி நிறுத்தினார். இறங்கி, காற்று கெட்டிப்பட்ட பிறகுதான் உறைத்தது. இரண்டு முறையும் தமிழில் பதில் சொல்லியிருக்கிறேன்.

கோபம் ஒரு வருடம் இருந்தது. முந்நூறு மீட்டர்! சொல்லிச் சொல்லிப் புலம்பினேன்.

2021 மே மாதம் அம்மாவுக்குக் காய்ச்சல். இந்த ஆக்ஸிமீட்டர் 93 காட்டியது. 94 என்ற கோட்டை ஊரே மனப்பாடம் செய்திருந்த நேரம். பதறிப்போய் டாக்டருக்கு போன் போட்டு எண்ணைச் சொன்னேன். அவர் கேட்டது வேறு: "மூச்சு வாங்காம முழு வாக்கியம் பேசறாங்களா?"

போனைக் காதில் வைத்தபடியே, "அம்மா, நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டே?" என்றேன். யார் குரலில் கேட்கிறேன் என்று எனக்குச் சுருக்கென்றது.

"நீ வச்ச ரசம்தான், உப்பும் இல்ல உறைப்பும் இல்ல, அத யார்ரா சாப்பிடுவா?"

ஒரே மூச்சில் சொன்னாள். டாக்டருக்கே கேட்டிருக்கும். கவிழ்ந்து படுக்கச் சொல்லுங்கள், சாயங்காலம் கூப்பிடுங்கள் என்றார்.

"பேட்டரி கெடச்சுதாடா இல்லியா? நாடகம் பாதி முடிஞ்சிருக்கும்." கூடத்திலிருந்து குரல்.

ஆக்ஸிமீட்டரின் முதுகைத் திறந்தேன். அதே அளவு, இரண்டு. கழற்றி ரிமோட்டில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.