நாள் குறித்தவர்கள்

உலகம் இன்ன தேதியில் முடியப் போகிறது என்று யாராவது அறிவித்தால் மனிதருக்குப் பயம் உண்டாவது இயல்பு. ஆனால் அந்தப் பயத்தோடு ஓர் இரகசிய உற்சாகமும் கலந்திருப்பதை நான் கண்டிருக்கிறேன். கடன்காரன் வரமாட்டான், பரீட்சை நடக்காது, பங்காளி வழக்கு விசாரணைக்கே வராது! கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த எனக்கு இதை வெறும் வேடிக்கையாக எண்ணிவிட முடிவதில்லை. ஆண்டவர் மீண்டும் வருவார் என்பது என் விசுவாசம். என்றைக்கு என்று குறிப்பதில்தான் எனக்குச் சம்மதமில்லை.

நாள் குறித்தவர்கள் எல்லாரும் மோசக்காரர்கள் அல்லர். ஜெர்மனியில் மிகாயேல் ஸ்டீஃபல் என்ற போதகர் இருந்தார்; மார்ட்டின் லூதரின் நண்பர்; கணக்கில் புலி. வேத எழுத்துக்களை எண்களாக மாற்றிப் பார்த்து, 1533 அக்டோபர் 19, காலை 8 மணிக்கு உலகம் முடியும் என்றார். லூதர் எச்சரித்தும் கேட்கவில்லை. அவரை நம்பிய குடியானவர்கள் வேலையைக் கைவிட்டார்கள். மணி எட்டு அடித்தது, ஒன்றும் நடக்கவில்லை. போதகரைக் காவலில் வைத்தார்கள். 1544-ல் அவர் வெளியிட்ட கணித நூலுக்குச் சரித்திரத்தில் இன்றும் கௌரவமான இடமுண்டு. அப்பேர்ப்பட்டவருக்கே அந்த ஒரு கணக்கு பிசகியது!

அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற விவசாயி, தானியேல் புத்தகத்தில் வரும் 2300 நாட்களை வருஷங்களாகக் கொண்டு, கி.மு. 457-லிருந்து எண்ணி, 1843-ஐ ஒட்டிக் கிறிஸ்து வருவார் என்று பிரசங்கித்தார். அந்தக் காலம் கடந்ததும், அவருடைய இயக்கத்தைச் சேர்ந்த ஸாமுவேல் ஸ்னோ என்பவர் 1844 அக்டோபர் 22 என்று நாளையே குறித்தார். பல்லாயிரம் பேர் நம்பினார்கள். சிலர் விளைந்த பயிரை அறுக்காமலே விட்டார்கள். சிலர் கடையை மூடினார்கள். அன்றிரவு கண் விழித்துக் காத்திருந்தவர்கள், மறுநாள் வழக்கம்போல் உதித்த சூரியனைப் பார்த்து அழுதார்கள். ‘பெரும் ஏமாற்றம்’ என்றே சரித்திரக்காரர்கள் அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள்.

அதோடு முடிந்ததா? 2011 மே 21 என்று ஹெரால்ட் காம்பிங் ரேடியோவில் முழங்கினார். சேமித்த பணத்தை விளம்பரத்துக்குச் செலவிட்டவர்களும் உண்டு. அடுத்த வருஷம், தாம் நாள் குறித்தது பாவமென்று அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் செலவான பணம் திரும்பி வருமா?

இவர்களுடைய பக்தியை நான் பரிகசிக்கவில்லை. அந்த நாளும் நாழிகையும் வானதூதருக்கும் தெரியாது, தமக்கும் தெரியாது என்று இயேசுவே சொல்லியிருக்க, அவரைவிட அதிகம் அறிய ஆசைப்படுவானேன் என்றுதான் கேட்கிறேன். அவர் கற்பித்த ஜெபத்தைக் கவனியுங்கள். தேவனுடைய ராஜ்யம் வரவேண்டுமென்று கேட்கும் அதே ஜெபத்தில், இன்றைக்கு வேண்டிய ஆகாரத்தையும் கேட்கச் சொன்னார். ராஜ்யத்துக்குக் காத்திருப்பவனுக்கும் இன்று பசிக்கும் என்பது அவருக்குத் தெரியும். தெசலோனிக்கேயா சபையில் வேலை செய்யாமல் திரிந்தவர்களைப் பவுல் கண்டித்து, உழைக்க மனமில்லாதவனுக்குச் சாப்பாடும் இல்லை என்று கண்டிப்பாக எழுதினார். அவரோ கூடாரம் செய்து பிழைத்தவர்.

இந்த வேத விளக்கமெல்லாம் எங்கள் பாட்டிக்குத் தேவைப்படவில்லை. ஒருமுறை ஒரு பெரியவர் வீட்டுக்கு வந்து, அடுத்த வாரம் உலக முடிவு என்று துண்டுப் பிரசுரம் கொடுத்தார். பாட்டி அவருக்கு மோர் கொடுத்து உபசரித்து, சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். அவர் போனதும் என் தாயாரைக் கூப்பிட்டு, “பால்காரிக்கு ஒண்ணே கால் ரூபாய் பாக்கி நிற்கிறதே, அதை இன்றைக்கே கொடுத்துவிடு. ஆண்டவர் வருகிற சமயத்தில் ஏழை கடன் நம் தலைமேல் இருக்கக் கூடாது. அப்படியே நாளைக்கு இட்லிக்கு அரிசியை நனைத்து வை” என்றாள். இரண்டு கட்டளைகளுக்கும் இடையே ஏதேனும் முரண்பாடு இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கும் இன்றுவரை தோன்றவில்லை.

அமெரிக்கச் சரித்திரத்தில் இன்னொரு சம்பவம் உண்டு. 1780 மே 19 அன்று நியூ இங்கிலாந்துப் பிரதேசத்தில் பட்டப்பகலில் இருள் சூழ்ந்தது. கானடாவில் எரிந்த காட்டுத்தீயின் புகையே காரணம் என்று, மரங்களின் வளையங்களை ஆராய்ந்தவர்கள் பிற்காலத்தில் கண்டார்கள். அன்றைய ஜனங்களோ நியாயத்தீர்ப்பு நாள் வந்துவிட்டதென்று நடுங்கினார்கள். கனெக்டிகட் ஆலோசனை சபையில், கூட்டத்தைக் கலைத்துவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. அப்போது ஆப்ரகாம் டேவன்போர்ட் என்ற அங்கத்தினர், அந்த நாள் வரவில்லையென்றால் கலைய வேண்டியதில்லை, வந்துவிட்டதென்றால் தாம் கடமையைச் செய்துகொண்டிருக்கையில் காணப்படுவதையே விரும்புவதாகக் கூறினார். பிறகு மெழுகுவர்த்திகளைக் கொண்டுவரச் சொன்னார்.

அவருக்கும் அந்த இருட்டின் காரணம் தெரியாது. தெரிந்துகொள்ளும் வரையில் வேலையை நிறுத்தி வைக்கவும் அவர் சம்மதிக்கவில்லை. நாள் குறிக்கத் தெரியாத நம்மைப் போன்ற சாதாரண ஜனங்களுக்கு அந்த அளவு விசுவாசம் போதும் என்று நினைக்கிறேன்.