ஆறு குழிப் பல்லாங்குழி

சென்ற வாரம் வில்லியனூர் போகும் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தபோது பழைய நண்பர் ஒருவர் பிடித்துக்கொண்டார். "சார், உங்க வீட்ல பேரப் பிள்ளைங்களுக்கு ஏதோ வீடியோ கேம் வாங்கி வச்சிருக்கீங்களாமே. நானும் வாங்கலாம்னு இருக்கேன். எதை வாங்கறதுன்னே தெரியல" என்றார். பேருந்து வருவதற்குள் சொல்லி முடிக்க முடியவில்லை. அவரைப் போல இன்னும் சிலருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழைய கதையைச் சொல்லிவிட வேண்டும்.

1994ஆம் ஆண்டு. என் மகனுக்குப் பத்து வயது. டி.வி.யில் இணைத்து, கேசட் செருகி ஆடும் விளையாட்டுப் பெட்டிகள் அப்போது நம் பக்கம் வர ஆரம்பித்திருந்தன. ஜப்பானில் 1983ல் நிண்டெண்டோ கம்பெனி வெளியிட்ட ஃபாமிகாம் என்ற கருவியின் நகல்கள் அவை. மரியோ, காண்ட்ரா, துப்பாக்கியால் வாத்து சுடும் ஆட்டம். கேசட்டின் மேல் ஆயிரக்கணக்கான ஆட்டம் என்று போட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் கொஞ்ச ஆட்டங்களே திரும்பத் திரும்ப வரும். மகன் கேட்டான். நான் கணக்கு வாத்தியார். "படிப்பு கெட்டுடும்" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டேன். அவன் மறுபடி கேட்கவில்லை.

சில நாள் கழித்து, பள்ளி முடிந்து சைக்கிளில் வரும்போது பார்த்தேன். தெருக்கோடி வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அவன் நின்றிருந்தான். உள்ளே அந்த வீட்டுப் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். வெளியே நின்ற இவனுடைய கட்டைவிரல், இல்லாத பட்டனை அழுத்திக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் வீட்டுக்கு ஓடிவிட்டான். நான் ஒன்றும் கேட்கவில்லை. அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியதே இல்லை.

அந்த மகன் இப்போது பெங்களூரில் இருக்கிறான். பேரனுக்குப் பதினொன்று, பேத்திக்கு ஏழு. 2022 கோடை விடுமுறைக்கு வந்தவர்கள் ஆளுக்கு ஒரு போனோடு ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டார்கள். என் வீட்டம்மாவுக்கு முட்டி வலி. தரையில் உட்கார முடியாது, அதிகம் நடக்கவும் முடியாது. பிள்ளைகள் வருகிறார்கள் என்று பத்து நாளாக முறுக்கு, அதிரசம் என்று ஏற்பாடு செய்தவள், கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து அவர்கள் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊருக்குக் கிளம்பும் நாளில், "புள்ளைங்க வந்த மாதிரியே இல்லைங்க" என்றாள்.

போனைப் பிடுங்கினால் முகம் தூக்குவார்கள். அதைவிட, எல்லோரும் ஒரே திரையைப் பார்த்து ஆடும்படி ஒன்று இருந்தால் என்ன என்று தோன்றியது. அடுத்த ஆண்டு மார்ச்சில் மகனுக்குப் போன் போட்டு, எந்தப் பெட்டி வாங்கலாம் என்று கேட்டேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "நீங்களா கேக்கறீங்க?" என்றான். பிறகு விவரமாகச் சொன்னான்.

அப்போது சந்தையில் முக்கியமாக மூன்று இருந்தன. ஒன்று சோனியின் பிளேஸ்டேஷன் 5. 2021 பிப்ரவரியில் நம் நாட்டில் வந்தபோது வட்டு போடும் பெட்டியின் விலை 49,990 ரூபாய். படம் கண்ணைப் பறிக்கும், ஆனால் பெரும்பாலும் பெரிய பையன்கள் தனியாகவோ இணையம் வழியாகவோ ஆடுவது. இரண்டாவது மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ். 2020 நவம்பரில் 34,990க்கு வந்தது. வட்டு போட இடமே இல்லை, ஒவ்வொரு ஆட்டத்தையும் இணையத்தில் இறக்கியாக வேண்டும். நம்ம ஊர் நெட்டில் ஒரு பெரிய ஆட்டம் இறங்கி முடிவதற்குள் விடுமுறை முடிந்துவிடும். இந்த இரண்டிலும் பெட்டியோடு ஒரே ஒரு கைப்பிடிதான் வரும். கூட ஆடுகிறவருக்குத் தனியாகக் காசு போட்டு வாங்க வேண்டும்.

மூன்றாவது நிண்டெண்டோவின் ஸ்விட்ச். 2017ல் வந்தது. மற்ற இரண்டைவிடச் சக்தி குறைவு. ஆனால் இருபுறமும் உள்ள கைப்பிடிகளைக் கழற்றினால் ஆளுக்கு ஒன்றாக இரண்டு பேர் உடனே ஆடலாம். டி.வி.யிலும் மாட்டலாம், கையிலும் வைத்துக்கொள்ளலாம். கரண்ட் போனாலும் பெட்டியிலேயே பேட்டரி இருப்பதால் ஆட்டம் நிற்காது. இதிலேயே 'லைட்' என்று விலை குறைவாக ஒன்று உண்டு. அதை டி.வி.யில் மாட்ட முடியாது, கைப்பிடியும் கழறாது. குடும்பமாக ஆட அது உதவாது. விலையைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

குறை என்னவென்றால், அந்தக் கம்பெனி நம் நாட்டில் ஸ்விட்சை நேரடியாக விற்பதில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக் கடைக்காரர்கள் விற்பதுதான். பழுதானால் கம்பெனி உத்தரவாதம் கிடையாது. நமக்குத்தான் பிரான்சில் ஆள் இல்லாத வீடே இல்லையே! ஏப்ரலில் ஒரு கல்யாணத்துக்கு வந்த என் மைத்துனர் அங்கிருந்தே வாங்கி வந்தார். ஏறக்குறைய 300 யூரோ. பென்ஷன் பணத்தில் கொடுத்தேன். அந்த ஊர் பிளக் நம் சுவரில் சரியாகப் பொருந்திவிட்டது.

அங்கே விற்கும் ஆட்டப் பெட்டிகளின் மேல் 3, 7, 12, 16, 18 என்று ஓர் எண் இருக்கும். அந்த வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஆகாது என்று பொருள். எங்கள் வீட்டில் 7க்கு மேல் வேண்டாம் என்று முடிவு செய்தோம். கார் பந்தயம் ஒன்று. அதில் நான்கு பேர் ஒரே திரையில் ஓட்டலாம். தெரியாதவர் ஓட்டினாலும் வண்டி பாதையை விட்டு விழாதபடி ஒரு வசதி இருக்கிறது. பேத்திக்கும் எனக்கும் அதைப் போட்டுவிட்டான் மகன். இன்னொன்று, உலகத்தின் பழைய ஆட்டங்கள் 51 அடங்கியது. சதுரங்கம், டாமினோ, லூடோ எல்லாம் அதில் உண்டு. லூடோவே நம் பச்சீசியைப் பார்த்து 1896ல் இங்கிலாந்தில் உரிமம் வாங்கியதுதான்.

அந்த 51ல் முதல் ஆட்டத்தைத் திறந்ததும் என் வீட்டம்மா நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்தாள். "இது பல்லாங்குழியாச்சே!"

மன்கலா என்ற ஆட்டம் அது. நம் பல்லாங்குழிக்கு உறவு.

"ஏழு குழி எங்கடா? ஆறுதான இருக்கு?"

"இது வேற ஊரு பல்லாங்குழி ஆயா."

கைப்பிடியை அவள் கையில் கொடுத்தான் பேரன். முதல் இரண்டு ஆட்டம் தோற்றாள். நம் ஆட்டத்தில் கை காலியானால் அடுத்த குழியை அள்ளிக்கொண்டு மேலே போகலாம். இதில் கடைசிக் காய் விழுந்த இடத்தோடு நின்றுவிட வேண்டும். ஆனால் அந்தக் கடைசிக் காய் தன்னுடைய பெரிய குழியில் விழுந்தால் இன்னொரு முறை ஆடலாம். மூன்றாவது ஆட்டத்தில் அதைப் பிடித்துக்கொண்டாள். விரல்விட்டுக்கூட எண்ணவில்லை, கண்ணாலேயே எண்ணினாள். தொடர்ந்து நான்கு முறை அவளே ஆடினாள். "ஆயா சீட்டிங்!" என்று பேரன் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும்.

எனக்குப் பெத்தாங்க் நினைவுக்கு வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் நம் ஊரில் விட்டுப் போன இரும்புக் குண்டு ஆட்டம். முன்பு அதைச் சில அடி ஓடி வந்து வீசுவார்களாம். தெற்கு பிரான்சில் லா சியோத்தா என்ற ஊரில் ஜூல் லெனுவார் என்பவருக்கு மூட்டுவாதம் வந்து ஓட முடியாமல் போனது. நண்பர் ஒருவர், அப்படியானால் காலைச் சேர்த்து வைத்து நின்றே வீசுவோம் என்று ஆட்டத்தையே மாற்றிவிட்டார் என்று கதை சொல்வார்கள். முட்டி வலிக்காரர்களுக்காகப் பிறந்த ஆட்டம் அது.

மறுநாள் காலையில் பரணிலிருந்து பழைய பல்லாங்குழிப் பலகையை எடுக்கச் சொன்னாள். ஐந்து ஐந்தாகப் பதினான்கு குழிக்கு எழுபது புளியங்கொட்டை. சாப்பாட்டு மேசையில் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்தபடியே பேரனோடு ஆடினாள். இந்த யோசனை இத்தனை வருஷம் எங்களுக்கு ஏன் வரவில்லை என்று தெரியவில்லை. டி.வி. பெட்டி தோற்றுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். சாயங்காலம் பேரன் கார் பந்தயத்துக்கே திரும்பிவிட்டான். ஆனால் ஆயாவையும் கூப்பிட்டான்.

அன்று இரவு தண்ணீர் குடிக்க எழுந்தேன். கூடத்தில் டி.வி. வெளிச்சம். எல்லோரும் தூங்கியபின் மகன் தனியாக உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தான். ஆண்டுச் சந்தா கட்டினால் பழைய ஆட்டங்களும் கிடைக்குமாம். 1985ல் வந்த அந்த மரியோதான். எந்தக் கல்லை முட்டினால் காசு வரும், எந்தக் குழாயில் இறங்கினால் குறுக்கு வழி என்று தயங்காமல் போய்க்கொண்டிருந்தான்.

"எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கியே" என்றேன்.

"ஜன்னல்ல நின்னு பாத்தே கத்துக்கிட்டதுப்பா" என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாங்கிக் கொடுத்திருக்கலாம் என்று சொல்ல வாய் வந்தது. "அன்னிக்கு நான் உன்னப் பாத்தேன்" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

"தெரியும்பா" என்றான். கைப்பிடியை என்னிடம் நீட்டினான். காளான் மாதிரி நடந்து வரும் முதல் பொம்மையிடமே மூன்று முறை செத்தேன். "கிட்ட வரவரைக்கும் காத்திருக்காதீங்க, முன்னாடியே குதிங்க" என்றான். தூங்கப் போகும்போது மணி பன்னிரண்டரை.

பேருந்து நிறுத்தத்து நண்பரே, வாங்குவதற்கு முன் ஒருமுறை வீட்டுக்கு வந்து ஆடிப் பாருங்கள். பெட்டி இங்கேதான் இருக்கிறது. விடுமுறைக்குப் பிள்ளைகள் வரும்வரை பல்லாங்குழிக்கு ஆள் கிடைக்காமல் எங்கள் வீட்டில் ஒருவர் காத்திருக்கிறார்.