திருமுடிவாக்கம் முதல் மணிமங்கலம் வரை... ஏரிகளைச் சுற்றி ஒரு நாள் சைக்கிள் பயணம்!

காலை ஆறு மணிக்குத் திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டைப் பக்கம் போனால் நிறைய சைக்கிள்களைப் பார்க்கலாம். ஹேண்டில்பாரில் டிபன் பை, கேரியரில் சுருட்டி வைத்த மழைக்கோட்டு, பெடலில் ரப்பர் செருப்பு. லேத் பட்டறைக்கும் ஸ்டாம்பிங் கம்பெனிக்கும் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் இவர்கள். பாதிப் பேர் பீகார், ஒடிசா பக்கத்திலிருந்து வந்தவர்கள். இவர்கள் யாரும் 'சைக்கிளிங்' போகவில்லை. வேலைக்குப் போகிறார்கள்.

ஆனால் இதே ஊரிலிருந்து, இதே மாதிரி ஒரு சாதாரண சைக்கிளில், ஒரு நாள் முழுக்க ஊர் சுற்றவும் முடியும். மூன்று பெரிய ஏரிகள், ஓர் ஆறு, இரண்டு மலைக்கோயில்கள், 1,300 வருடங்களுக்கு முந்தைய ஒரு போர்க்களம். எல்லாம் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் சுற்றுக்குள் அடங்கிவிடும். கியர் சைக்கிள் தேவையில்லை. பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள் வீட்டில் துருப்பிடித்துக்கொண்டிருந்தால், செயினுக்கு எண்ணெய் விட்டு, டயருக்குக் காற்றடித்து எடுத்துக்கொள்ளலாம்.

அயர்லாந்தில் ஏரிகளையும் பழைய மடாலயங்களையும் சைக்கிளில் சுற்றுவதற்கென்றே ஒரு தடம் இருக்கிறது. எர்ன் ஏரிப் பகுதியில் தொடங்கி ஐந்து மாவட்டங்களைத் தொட்டு ஓடும் அந்தப் பாதையின் நீளம் சுமார் 480 கிலோமீட்டர். பெயர் 'கிங்ஃபிஷர் டிரெயில்', அதாவது மீன்கொத்திப் பாதை. வழியெல்லாம் அறிவிப்புப் பலகைகள் உண்டு. திருமுடிவாக்கம் பக்கத்தில் பலகை கிடையாது. மீன்கொத்தி உண்டு. கால்வாய் ஓரத்து மின்கம்பியில் நீல முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

முதல் நிறுத்தம் குன்றத்தூர். மலை என்று சொல்லப்பட்டாலும் பெயருக்கேற்ற குன்றுதான். 84 படிகள். அடிவாரத்தில் சைக்கிளைப் பூட்டிவிட்டு ஏறினால் பத்து நிமிடத்தில் முருகன் சந்நிதி. வடக்கு நோக்கி நிற்கும் முருகன். திருப்போரூரில் போர் முடித்துத் திருத்தணிக்குப் போகும் வழியில் இங்கே தங்கினார் என்பது தலபுராணம். மேலே நின்று மேற்கே பார்த்தால் செம்பரம்பாக்கம் ஏரியின் வெளிச்சம் தெரியும். போகவேண்டிய திசையை இங்கேயே பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊரும் இதுதான். 12-ம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்க சோழனின் அமைச்சராக இருந்தவர். கும்பகோணம் பக்கத்துத் திருநாகேஸ்வரத்தின் மேல் அவருக்கு இருந்த பக்தியால், சொந்த ஊரிலும் ஒரு நாகேஸ்வரர் கோயிலைக் கட்டினார் என்கிறார்கள். இன்று அது ராகு பரிகாரத் தலமாகப் பிரபலம். சேக்கிழாருக்கும் ஊரில் தனிக்கோயில் உண்டு. கூட்டம் என்னவோ ராகுவுக்குத்தான்!

குன்றத்தூரைத் தாண்டியதும் செம்பரம்பாக்கம் ஏரிக்கரை எதிரே எழும்பி நிற்கும். இந்த ஏரியைச் சென்னைக்காரர்கள் இரண்டு எண்களால் தெரிந்து வைத்திருக்கிறார்கள். உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. மழைக்காலத்தில் டி.வி-யின் அடிவரியில் ஓடிக்கொண்டே இருக்கும் எண்கள். கரையில் எல்லா இடங்களுக்கும் எல்லா நாளும் அனுமதி கிடையாது. விடுகிற இடம் வரை போய்ப் பார்க்கலாம். ஒருபக்கம் கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர். மறுபக்கம், கரைக்குக் கீழே, வயலும் வீடும் மனைப்பிரிவுகளும். கரையில் நிற்பவருக்கு ஒன்று சட்டெனத் தெரியும். ஏரி மேலே இருக்கிறது, ஊர் கீழே இருக்கிறது.

ஏரி நிறைந்தால் ஐந்து கண் மதகு, 19 கண் மதகு ஷட்டர்கள் வழியாக உபரி நீரைத் திறப்பார்கள். திறப்பதற்கு முன்பு எச்சரிக்கை வரும். "சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், வழுதலம்பேடு, திருமுடிவாக்கம், திருநீர்மலை..." என்று ஊர்ப் பெயர்களை வரிசையாகப் படிப்பார்கள். டி.வி-யில் கேட்கும்போது அது வெறும் பட்டியல். சைக்கிளில் வந்தவருக்கோ, சற்று முன்பு மிதித்துக் கடந்த ஊர்களின் பெயர்கள். காலையில் இவர் வந்த வழி ஏறத்தாழ அந்தத் தண்ணீரின் வழி. தண்ணீர் எதிர்த்திசையில் வரும், அவ்வளவுதான்.

காரில் போனால் இது தெரியாது. இந்தப் பக்கத்து நிலம் பார்வைக்கு ஒரே மட்டமாகத்தான் இருக்கும். சைக்கிளுக்கு மட்டும்தான் நிலத்தின் ஏற்ற இறக்கம் முழங்காலில் தெரியும். குன்றத்தூரிலிருந்து ஏரியை நோக்கிப் போகையில் லேசாகக் கனக்கும். திரும்பி வரும்போது பெடலை நிறுத்தினாலும் வண்டி சற்று தூரம் தானாக ஓடும். வண்டி தானாக ஓடுகிற பக்கம்தான் தண்ணீரும் ஓடும்.

2015 டிசம்பர் முதல் தேதியை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பதிவானது. ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்டது. அடையாறு கரையை உடைத்துக்கொண்டு சைதாப்பேட்டை, ஜாஃபர்கான்பேட்டை வரை வீடுகளுக்குள் புகுந்தது. அந்த இரவில் முதலில் நனைந்தவை மேலே சொன்ன பட்டியலில் இருக்கும் ஊர்கள். ஆனால் கேமராக்கள் அதிகம் போனது நகரத்துக்குள்தான்.

நான்கே வருடம் கழித்து, 2019 கோடையில், இதே ஏரி வெடித்துக் கிடந்தது. அப்போது மாங்காட்டுக்குப் பக்கத்தில் உள்ள சிக்கராயபுரம் கல்குவாரிகளில் தேங்கிக் கிடந்த தண்ணீரைச் சுத்திகரித்துச் சென்னைக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். 2017 வறட்சியிலும் அந்தக் குவாரிகள்தான் கைகொடுத்தன. அவற்றைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் தூரத்திலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. குவாரியில் ஆழம் எங்கே தொடங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வெயில் ஏறுவதற்குள் தெற்கே திரும்பிவிட வேண்டும். குன்றத்தூர் சுற்றுவட்டாரத்தில் லாரிகளும் கம்பெனி பஸ்களும் அதிகம். ஸ்ரீபெரும்புதூர் பக்கத் தொழிற்சாலைகளுக்கு இதுதான் வழி. வெளிவட்டச் சாலையின் பிரதான பாதையில் சைக்கிளை ஏற்றாமல் சர்வீஸ் ரோட்டிலேயே போவது பாதுகாப்பு. பின்பக்கச் சிவப்பு விளக்கு கட்டாயம். இந்தப் பயணத்தில் உண்மையான ஆபத்து என்றால் இந்த ஆறேழு கிலோமீட்டர்தான். சிறு பிள்ளைகளைக் கூட்டிவருபவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிட்டுக் குன்றத்தூரோடு திரும்பிவிடலாம்.

சோமங்கலம் சாலையில் திரும்பியதும் சத்தம் அடங்கிவிடும். வழியில் டீக்கடை. வியர்க்க விறுவிறுக்கச் சைக்கிளை நிறுத்தினால் பெஞ்சில் இருக்கும் பெரியவர்கள் விட மாட்டார்கள்.

"எங்கப்பா, இவ்ளோ தூரம் சைக்கிள்ல?"

"சும்மா சுத்திப் பார்க்கத்தான், தாத்தா."

"ஏன், வண்டி இல்லையா?"

இந்தக் கேள்விக்கு எந்தப் பதில் சொன்னாலும் அவர்களுக்குத் திருப்தி வராது. டீயைக் குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

சோமங்கலம் சோமநாதீஸ்வரர் கோயில், சென்னையைச் சுற்றியுள்ள நவகிரகத் தலங்களில் சந்திரனுக்கு உரியது. கருவறையின் பின்பக்கம் வளைந்து, யானை படுத்திருப்பது போல இருக்கும். தூங்கானை மாடம் என்பார்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் 11 மணிக்குள் வந்துவிடுவது நல்லது. ஊர் ஏரிக்கரையில் நிழல் இருக்கிறது. கட்டுச்சோறு கொண்டுவந்திருந்தால் பிரிக்க ஏற்ற இடம்.

அடுத்தது மணிமங்கலம். கல்கியின் 'சிவகாமியின் சபதம்' படித்தவர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காரத் தோன்றும். 7-ம் நூற்றாண்டில் பல்லவன் நரசிம்மவர்மன், சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியை வென்ற இடங்களில் இதுவும் ஒன்று. இது வெறும் நாவல் கதை அல்ல. பரியளம், மணிமங்கலம், சூரமாரம் என்று மூன்று போர்க்களங்களின் பெயரையும் கூரம் செப்பேடு சொல்கிறது. அதன்பிறகுதான் பல்லவப் படை வாதாபி வரை துரத்திச் சென்றது.

இப்போது ஊருக்குள் போனால் போர் நடந்ததற்கான அடையாளம் ஒன்றும் இல்லை. நினைவுத்தூண் இல்லை, பலகை இல்லை. மாடுகள் மேய்கின்றன, செல்போன் டவர் நிற்கிறது. பார்க்கவேண்டியவை கோயில்கள். தர்மேஸ்வரர் கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ராஜகோபாலப் பெருமாள் கோயில் சுவர்களில் சோழர் கல்வெட்டுகள். முதலாம் ராஜாதிராஜனின் வெற்றிகளைச் சொல்லும் மெய்க்கீர்த்தி அதில் ஒன்று. அவன் கொப்பம் போரில் யானை மேலேயே உயிர்விட, தம்பி இரண்டாம் ராஜேந்திரன் களத்திலேயே முடிசூடிக்கொண்டு போரை வென்ற கதையும் இங்கே கல்லில் இருக்கிறது. பல்லவர் போர் நடந்த ஊரில், 400 வருடம் கழித்துச் சோழர்கள் தங்கள் போர்களை எழுதி வைத்திருக்கிறார்கள். எழுத்துகள் பழக்கமில்லாதவர்களுக்குப் புரியாது. ஆனாலும் சுவரை ஒட்டி நின்று ஒரு வரியை விரலால் தொடாமல் கண்ணால் மட்டும் பின்தொடர்ந்து பார்க்கலாம்.

மணிமங்கலம் ஏரி பெரியது. மழைக்குப் பிறகு டிசம்பர், ஜனவரியில் வந்தால் கலங்கலில் தண்ணீர் வழிவதைப் பார்க்கலாம். சென்னைக்குள் கறுப்பாக, பாலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் அடையாறு இந்த ஏரிகளில்தான் பிறக்கிறது. மணிமங்கலத்துக்குப் பக்கத்து மலைப்பட்டு ஏரியைத்தான் ஆற்றின் தொடக்கம் என்பார்கள். இங்கே அதன் தண்ணீரில் கெண்டை மீன் துள்ளுவது கண்ணுக்குத் தெரியும்.

இங்கிருந்து முடிச்சூர் வழியாகத் தாம்பரம். சாலை மறுபடியும் எளிதாகிவிடும். மிதித்துக் களைத்த காலுக்கு இதமாக இருக்கும். ஆனால் வரதராஜபுரம், முடிச்சூர் பக்கம் வந்ததும் சுவர்களைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 2015-ல் முதல் மாடி வரை தண்ணீர் நின்ற தெருக்கள் இங்கே உண்டு. அதற்குப் பிறகு கட்டிய வீடுகளில் பல, சாலையைவிட நான்கைந்து அடி உயர்த்திக் கட்டப்பட்டவை. வாசலில் ஏணி போலப் படிகள். பாட்டிகள் ஏறுவதற்குச் சிரமப்படும் படிகள். அந்தப் படிகளின் எண்ணிக்கையைப் பார்த்தாலே வெள்ளத்தின் உயரம் தெரிந்துவிடும்.

இரண்டு வீடு தள்ளி, 'ஏரி வியூ' என்று போர்டு வைத்து மனை விற்கிறார்கள். புறநகரில் இடம் வாங்க நினைக்கும் குடும்பங்கள் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் சரிபார்ப்பது வழக்கம். அதோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மனைக்குச் சைக்கிளிலும் போய் வரலாம். எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் பெடலை மிதிக்காமலே மனை வாசலில் போய் நின்றால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்தத் தெருவில் பத்து வருடமாகக் குடியிருப்பவரிடம் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும்.

தெம்பு மிச்சமிருப்பவர்கள் பல்லாவரத்துக்கும் ஒரு சுற்று போகலாம். 1863 மே 30 அன்று, புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கைக்கோடரி ஒன்றை அங்கேதான் கண்டெடுத்தார். இந்தியாவின் கற்கால ஆய்வு தொடங்கிய இடம். அங்கும் மலையடிவாரத்தில் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரை ஒன்று இருக்கிறது. இன்று அது தர்காவாக வழிபாட்டில் உள்ளது. பல்லவர் வெட்டிய தூண்களுக்கு நடுவே ஊதுபத்தி மணக்கும்.

மற்றவர்களுக்குக் கடைசி நிறுத்தம் திருநீர்மலை. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. அடிவாரத்தில் நின்ற கோலத்தில் நீர்வண்ணர், மேலே இருந்த, கிடந்த, நடந்த கோலங்கள் என நான்கையும் ஒரே ஊரில் தரிசிக்கலாம். திருமங்கையாழ்வார் இங்கு வந்தபோது மலையைச் சுற்றித் தண்ணீர் சூழ்ந்திருந்ததாம். வடியும் வரை ஆறு மாதம் எதிரே காத்திருந்து தரிசித்தாராம். நீர்மலை என்ற பெயருக்கு அதுவே காரணம் என்கிறார்கள். ஊர்க்காரர்களுக்கு அந்தக் கதையை நம்புவதில் சிரமமே இல்லை.

50 கிலோமீட்டர் மிதித்த காலோடு இந்தப் படிகளில் ஏறுவது கொஞ்சம் கொடுமைதான். உட்கார்ந்து உட்கார்ந்து ஏறலாம். மேலே காற்று வரும். கிழக்கே மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள், கீழே அடையாறு, அதற்கு அப்பால் திருமுடிவாக்கத்தின் தகரக் கூரைகள்.

செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் அடையாற்றில் வந்து சேருவது இந்த மலைக்குப் பக்கத்தில்தான். இறங்கிவந்து பாலத்தின் நடுவே சைக்கிளை ஓரமாக நிறுத்தி எட்டிப் பார்க்கலாம். கோடையில் முட்டளவு தண்ணீர்கூட இருக்காது. ஆகாயத்தாமரைக்கு நடுவே கொக்குகள் நிற்கும். எதிரே தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடிந்து, காலையில் போன சைக்கிள்கள் மணியடித்தபடி பாலத்தைக் கடந்துகொண்டிருக்கும்.