கண்மாய்க்கரைத் தீர்ப்பு

அருப்புக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் திருச்சுழி வண்டி ஏறினால் ஏறக்குறைய அரைமணி நேரத்தில் இறங்கிவிடலாம். குறுகிய பயணந்தான், ஆயினும் இந்தச் சீமையை அறிய விரும்புவோருக்கு அந்த அரைமணியே போதும். நெசவாளர் தெருக்களின் தறியோசையும் நூற்பாலைகளின் நீண்ட மதிற்சுவர்களும் பின்தங்கியதும், இருபுறமும் கரிசல் விரிகிறது. ஐப்பசி மழை மனம் வைத்த ஆண்டில் சோளம், கம்பு, குதிரைவாலி, பாசிப்பயறு, மல்லி எனக் கண்ணுக்கு விருந்துண்டு. மழை பொய்த்த ஆண்டில் சீமைக்கருவேல் ஒன்றே பச்சை. அதனை வெட்டி அடுக்கி, மேலே மண் பூசி, நாட்கணக்கில் புகையவிட்டுக் கரியாக்கும் மூட்டங்கள் ஆங்காங்கே தென்படும். கரி மூட்டைகள் லாரிக்காகச் சாலையோரம் காத்திருக்கும். எவரும் விரும்பி விதைக்காத மரமே இங்குப் பல குடும்பங்களுக்குச் சோறிடுகிறது.

திருச்சுழி பழம்பெரும் தலம். திருமேனிநாதர் கோவிலைச் சுந்தரர் பாடியிருக்கிறார். 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் இரமண மகரிஷி பிறந்ததும் இவ்வூரிலேதான். பெருவெள்ளம் ஒன்றை இறைவன் சுழித்துப் பூமிக்குள் புகச் செய்தமையால் இப்பெயர் என்று தலபுராணம் கூறும். அருகில் ஓடவேண்டிய குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். “அன்னைக்கு உள்ளே போன தண்ணி இன்னும் திரும்பி வரலே சாமி” என்று எங்கள் உபதேசியார் வேடிக்கையாகச் சொல்வார்.

திருச்சுழிக்கு அப்பால், கருவேலங்காட்டினுள் ஒளிந்து கிடக்கும் கிளைப்பங்கு ஒன்றிற்கு மாதம் ஒருமுறை திருப்பலி நிறைவேற்றச் சென்றுகொண்டிருந்த காலம் அது. ஓடு வேய்ந்த சிற்றாலயம். அதனை அடுத்துக் கண்மாய். தை கழிந்தால் அதில் நீரிராது; மாசி முதல் அதுவே ஊரின் விளையாட்டுத் திடல். காலையில் காவலர் தேர்வுக்குப் பயிற்சி பெறும் இளைஞர்கள் ஓடுவார்கள். அவர்களுக்குப் பின்னால், வெறுங்காலோடு ஒன்பதாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியும் ஓடுவாள். கரி மூட்டத்தில் வேலை செய்பவரின் மகள். குறுவட்டப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்திருந்தாள்.

2019-ஆம் ஆண்டின் உயிர்ப்புப் பெருவிழாவை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஏப்ரல் 21 அன்று கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் வழிபாட்டில் நின்றிருந்தோரைக் குண்டுகள் சிதறடித்தன. அந்தத் துயரத்தோடு மறுநாள் இரவு தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தபோதுதான் அச்செய்தி வந்தது. தோஹாவில் நடைபெற்ற ஆசியத் தடகளப் போட்டியில், திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள முடிகண்டம் சிற்றூரைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து, 800 மீட்டரை 2 நிமிடம் 2.70 வினாடியில் ஓடித் தங்கம் வென்றிருந்தார். அப்போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது.

அடுத்து வந்த நாட்களில் தமிழகமே அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடியது. கட்சிகள் இலட்சக்கணக்கில் பரிசளித்தன. திரைப்பட நடிகரும் உதவினார். மகளுக்கு உணவு வேண்டுமென்பதற்காகத் தந்தை மாட்டுத் தீவனத்தை உண்ட கதையை அவரே கண்ணீரோடு கூற, கேட்டவர்கள் உருகினார்கள். இரு கால்களிலும் வெவ்வேறு நிறத்தில் அவர் அணிந்திருந்த காலணியைக் கூட வறுமையின் அடையாளமாக்கி எழுதித் தீர்த்தார்கள். நமக்கு வெற்றி மட்டும் போதாது. வென்றவர் ஏழையாக, மாசற்றவராக, நம் கண்ணீருக்கு ஏற்றவராகவும் இருக்க வேண்டும். நானும் விதிவிலக்கல்லேன். ஏப்ரல் 28, இறை இரக்க ஞாயிறு. தொட்டுப் பார்த்தாலன்றி நம்பேன் என்ற தோமையாரைப் பற்றிய நற்செய்தி. அதனை விட்டுவிட்டு, பந்தயத் திடலில் ஓடுவோரைப் பற்றிப் பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதியதை எடுத்துக்கொண்டு, கோமதியின் கதையையே மறையுரையாக்கினேன். அக்கிளைப்பங்கிலும் அதையே பேசினேன். முன்வரிசையில் அமர்ந்திருந்த அச்சிறுமி கண் இமைக்காமல் கேட்டாள்.

மே 21 அன்று, கோமதி ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார் என்ற செய்தி வெளிவந்தது. மறுநாள் காலை அந்த ஊர்த் தேநீர்க்கடையில் இருந்தேன். நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வர ஒருநாள் இருந்தும், பேச்சு தேர்தலைப் பற்றியதன்று.

“அத்தனையும் ஏமாத்து வேலை. குடுத்த காசையெல்லாம் திருப்பி வாங்கணும்” என்றார் ஒருவர். “மாட்டுத் தீவனமாம், மாட்டுத் தீவனம்!” என்று சிரித்தார் இன்னொருவர், மூன்று வாரத்திற்கு முன் அதே கதையைக் கேட்டுக் கண் துடைத்தவர். மாட்டுவண்டிப் பந்தயத்தில் காளை ஓட்டிப் பழகிய பெரியவர், “பந்தயத்துக்கு முன்னாடி மாட்டுக்குச் சாராயம் ஊத்துறவன் இல்லையா? மாடா கேட்டுச்சு? ஊத்துனவன் யாருன்னு பாருங்கப்பா” என்றார். அவர் பேச்சை யாரும் பொருட்படுத்தவில்லை. “இந்தப் புள்ளைதானே முன்னாடியும் பொம்பளையே இல்லைன்னு மெடலைப் பறிச்சாங்க?” என்று கேட்டான் ஓர் இளைஞன்.

அது கோமதியன்று. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்திரராஜன். 2006-இல் இதே தோஹாவில், ஆசிய விளையாட்டில், இதே 800 மீட்டரில் வெள்ளி வென்றவர். அவரிடமிருந்து பதக்கம் பறிக்கப்பட்டது பாலினச் சோதனையால். மருந்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. அன்றைய முதல்வர் கருணாநிதி அவருக்கு அறிவித்த 15 இலட்சத்தை நிறுத்தாமல் வழங்கினார். பின்னர் அவர் செங்கற்சூளையில் கூலிவேலை செய்த செய்தியும் வந்தது. இரு பெண்கள், இரு வழக்குகள். ஆனால் தேநீர்க்கடைக்கு ஒரே குற்றவாளி. நான் திருத்தினேன். “சரிங்க சாமி, ஏதோ ஒண்ணு” என்று அவன் குவளையை வைத்துவிட்டுப் போனான்.

அப்போது ஒரு குரல்: “சாமி, நீங்களுந்தானே கோயில்ல பேசுனீங்க?”

குருமடத்தில் எட்டாண்டுகள் மெய்யியலும் இறையியலும் கற்றவன் நான். அந்த வினாவுக்கு விடை எதுவும் என் நாவில் வரவில்லை.

பின்னாளில் வழக்கின் விவரங்களைத் தேடிப் படித்தேன். 2019 மார்ச் 18 அன்று பாட்டியாலாவில் எடுக்கப்பட்ட மாதிரியிலேயே நான்ட்ரோலோன் என்னும் தசையூக்கியின் தடயம் இருந்தது. ஆயினும் அம்முடிவு தோஹா ஓட்டத்திற்கு முன் வெளிவரவில்லை. மொத்தம் நான்கு மாதிரிகள். நான்கிலும் அதே தடயம். தெரிந்து எதையும் உட்கொள்ளவில்லை என்று கோமதி கூறினார். 2020 ஜூனில் உலகத் தடகளத்தின் நேர்மைப் பிரிவு நான்காண்டுத் தடையை அறிவித்தது; அது 2023 மே மாதம் முடிந்தது. வீரரின் உடலில் இருக்கும் பொருளுக்கு வீரரே பொறுப்பு, அது எவ்வழியே வந்தது என்று காட்டவேண்டியவரும் அவரே என்பது அவர்கள் விதி. கடுமையான விதிதான். ஆனால் அது இல்லையேல் அவருக்குப் பின்னால் ஓடி வந்த சீனத்து வாங் சுன்யுவுக்கு நீதி ஏது? தங்கம் அவரையே சேர்ந்தது. மறையுரையிலும் சரி, தேநீர்க்கடையிலும் சரி, அப்பெண்ணை ஒருவரும் நினைக்கவில்லை.

சோதனைச் சாலையும் தவறாதது அன்று. பஞ்சாபைச் சேர்ந்த சுனிதா ராணி 2002 பூசான் ஆசிய விளையாட்டில் 1500 மீட்டரில் தங்கமும் 5000 மீட்டரில் வெண்கலமும் வென்றார். இதே நான்ட்ரோலோன் குற்றச்சாட்டால் இரண்டையும் இழந்தார். சியோல் ஆய்வகப் பதிவுகளில் குளறுபடி இருந்தது தெரிந்ததும் 2003-இல் பதக்கங்கள் திரும்ப வந்தன. இடைப்பட்ட மாதங்களில் அவரைப் பழித்தவர்களில் எத்தனை பேர் பின்னர் வாய் திறந்தார்கள்?

இரசிகர் தீர்ப்பு என்பது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் பேஸ்பால் என்றோர் ஆட்டம். நம் கிட்டிப்புள்ளும் கிரிக்கெட்டும் கலந்ததுபோல் இருக்கும். பாரி பாண்ட்ஸ் என்பவர் 2007 ஆகஸ்டில் 756-ஆவது முறை பந்தைத் திடலுக்கு வெளியே அடித்துப் பழைய சாதனையை முறியடித்தார். ஊக்கமருந்துக் குற்றச்சாட்டு அவர்மேல் இருந்தது. தெரிந்து உட்கொள்ளவில்லை என்று அவரும் சொல்லியிருந்தார். அப்பந்தை ஏழரை இலட்சம் டாலருக்கு வாங்கிய வணிகர் ஒருவர், இதனை என்ன செய்யலாம் என்று மக்களிடமே வாக்குக் கேட்டார். ஏறத்தாழ ஒரு கோடி வாக்குகள்! சந்தேகத்துக்குரியது என்று காட்டும் உடுக்குறியைப் பந்தின்மேல் பொறிக்கச் சொன்னோரே மிகுதி. பந்தை விண்வெளிக்கு அனுப்பிவிடச் சொன்னோரும் உண்டு. குறி பொறிக்கப்பட்ட அப்பந்து கூப்பர்ஸ்டவுன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அங்குள்ள புகழ்மிக்கோர் வரிசைக்குப் பத்து முறை வாக்கெடுப்பு நடந்தும், 2022-இல் இறுதி முறையும், பாண்ட்ஸ் தேர்ந்தெடுக்கப்படவில்லை. பந்து உள்ளே, அடித்தவர் வெளியே.

பண்டைய கிரேக்கர் வேறு வழி கண்டனர். ஒலிம்பியாவில் வஞ்சகம் செய்து பிடிபட்டவரிடம் தண்டம் வாங்கி, அப்பணத்தில் சேயுஸ் தேவனின் வெண்கலச் சிலைகள் செய்து, ஓட்டத்திடலின் வாயிலில் நிறுத்தினார்கள். ஓடப்போகும் ஒவ்வொருவனும் அவற்றைக் கடந்தே உள்ளே செல்லவேண்டும். போனவனைப் பழிப்பதைவிட வருபவனை எச்சரிப்பதே அவர்கள் நோக்கம் என்று எனக்குப் படுகிறது. நம்மிடம் அத்தகைய வாயில் இல்லை. 2023-இல் இந்திய வீரர்களிடம் எடுக்கப்பட்ட 5,606 மாதிரிகளில் 213 குற்றமுள்ளவை என்று உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் அறிக்கை கூறுகிறது, நூற்றுக்கு 3.8. பெரிய நாடுகளில் இதுவே மிகுதி. கண்மாயில் ஓடும் பிள்ளைக்கு எதைத் தொடலாம், எதைத் தொடலாகாது என்று சொல்ல யார் இருக்கிறார்கள்?

மீண்டும் அந்த மே மாதக் காலைக்கு வருகிறேன். தேநீர்க்கடையிலிருந்து எழுந்து சென்ற என்னைச் சிறுமியின் தந்தை வழிமறித்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. மேலிருந்த தாள் கிழிக்கப்பட்டிருந்தது. உள்ளே வெளிர்மஞ்சள் மாவு. இளைஞர்களுக்குப் பயிற்சி தந்துவந்தவர், ‘பாலில் கலந்து குடுங்க’ என்று கொடுத்ததாம்.

“இதுதானா சாமி அது? நான் ஓட்டத்தையே நிப்பாட்டிப்புட்டேன். நாளைக்கு எம் புள்ளையையும் இப்படித்தானே பேசுவாங்க?”

எனக்கு எங்கிருந்தோ சினம் மூண்டது. டப்பாவை வாங்கி, புகைந்துகொண்டிருந்த மூட்டத்தின் வாய்க்குள் எறிந்தேன். ஊர் பார்த்தது. அதுவே தீர்ப்பாயிற்று. அடுத்த வாரம் முதல் அந்தப் பயிற்சியாளர் கண்மாய்ப் பக்கம் வரவில்லை. வரவிடவில்லை என்பதே சரி. ஓராண்டு கழித்துத் தடைச் செய்தி வந்தபோது கொரோனாவால் ஆலயங்கள் அடைபட்டிருந்தன. ஞாயிறு மறையுரை இல்லை. ஆகவே விளக்கம் சொல்லும் கடமையிலிருந்தும் தப்பினேன். அதற்குச் சில மாதங்களில் எனக்கு வேறு பங்கு மாற்றல்.

அண்மையில் ஒரு திருமணத்திற்காக அதே திருச்சுழி வண்டியில் ஏறினேன். நூற்பாலை வேலை முடிந்து வந்த பெண்கள் கூட்டமாக ஏறினர். அவர்களுள் ஒருத்தி எழுந்து, “தோத்திரம் சாமி” என்றாள். உயர்ந்து வளர்ந்துவிட்டாள், அடையாளம் தெரியச் சற்று நேரமாயிற்று. ஓடுகிறாயா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டேன். அவளே சொன்னாள்: தம்பி இப்போது காவலர் தேர்வுக்கு ஓடுகிறானாம், கற்றுக்கொடுக்கத்தான் ஆளில்லையாம்.

சிறிது நேரம் கரிசலைப் பார்த்துக்கொண்டு வந்தவள், “சாமி, அந்த டப்பாவுல என்னதான் இருந்துச்சு?” என்றாள்.

“தெரியாதும்மா.”

“யார்கிட்டயும் காட்டலையா?”

“இல்லை.”

“பயத்தமாவா இருந்தாலும் இருந்திருக்கும்” என்றாள். குற்றம் சாட்டும் குரல் அன்று. அந்தப் பயிற்சியாளர் எங்கே இருக்கிறார் என்று கேட்டேன். கேரளப் பக்கம் வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னாள். திருச்சுழி வந்தது. அவள் இறங்கி, தோழிகளோடு குண்டாற்று மணலைக் கடந்து நடந்தாள்.