தும்பையின் மூச்சு

முயலை அறியாத தமிழர் உண்டோ? நிலவின் களங்கத்தை முயலென்று காட்டித்தான் நமக்குச் சோறூட்டினார்கள். ஆமையிடம் தோற்ற முயலைப் பள்ளியில் படித்தோம். முயலை வீழ்த்திய அம்பைவிட யானையைத் தவறவிட்ட வேலே இனிது என்று வள்ளுவர் படைச்செருக்கில் சொன்னதை மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கினோம். ஆகவே, மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளை முயல்குட்டி எங்கள் வீட்டுக்கு வந்தபோது, நன்கு அறிமுகமான உயிர்தானே என்ற துணிவு எங்களுக்கு இருந்தது. தும்பைப்பூவின் நிறமென்பதால் தும்பை என்று பெயரிட்டோம். அந்தத் துணிவு எத்துணைப் பொய்யென்பதைச் சென்ற ஐப்பசி மழையில்தான் உணர்ந்தோம்.

முதலில் ஒரு தும்மல். 'தும்பை தும்முகிறது' என்று சிரித்தோம். மறுநாள் நான்கைந்து தும்மல்கள். மூன்றாம் நாள் மூக்கோரம் ஈரம். மழைக்காலச் சளி என்று முடிவுசெய்து, எங்கள் பெண்ணுக்கு என்ன செய்வோமோ அதையே செய்தோம். பால்கனியிலிருந்த கூண்டைச் சிறிய அறைக்கு மாற்றினோம். சன்னல்களை அடைத்தோம். குளிர் படாமலிருக்கக் கூண்டின் மூன்று பக்கமும் பழைய புடவைகளைக் கட்டினோம். அடிக்கடி தொந்தரவு செய்ய வேண்டாமென்று கூண்டுத் தட்டைக் கழுவுவதையும் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கினோம். அறையில் ஒரு நெடி இருந்தது. மழைநாள் வாடை என்று எண்ணிக்கொண்டோம்.

நான்காம் நாள் காலை, வைத்த கேரட் வைத்தபடியே இருந்தது. இரு கையால் அள்ளுமளவு புழுக்கை கிடக்க வேண்டிய தட்டில் பத்துப் பன்னிரண்டே கிடந்தன, அவையும் மிளகளவில். மூச்சில் மெல்லிய கரகரப்பு.

பெண்ணின் இருமலுக்கு வாங்கிய அமாக்சிசிலின் மருந்து ஃபிரிட்ஜில் மீதமிருந்தது. அதே சளி, அதே மருந்து, அளவைக் குறைத்தால் போதாதா? மளிகைத் தராசில் தும்பையை நிறுத்தோம். 1.8 கிலோ. கணக்கிட்டு, ஊசி நீக்கிய சிரிஞ்சில் மருந்தை ஏற்றியும் விட்டோம். எதற்கும் அளவைக் கேட்டுக்கொள்வோமே என்று கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தோம்.

"குடுத்துட்டீங்களா?" என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

"இல்லை டாக்டர்."

"கீழ கொட்டிடுங்க. உடனே எடுத்துட்டு வாங்க."

முயலின் உயிர் அதன் குடலில் வாழும் நுண்ணுயிர்களின் சமநிலையில் இருக்கிறது. பென்சிலின் வகை மருந்துகள் வாய்வழியே உள்ளே சென்றால் நன்மை செய்யும் உயிர்கள் மாண்டு, நஞ்சு சுரப்பவை பெருகும். பிறகு கழிச்சலும் மரணமும் சில நாட்களில் வந்துவிடலாம். எங்கள் குழந்தையைத் தேற்றிய மருந்து தும்பையைக் கொன்றிருக்கக்கூடும். நடுவில் இருந்தது ஒரு தொலைபேசி அழைப்பு மட்டுமே.

மருத்துவர் முதலில் மூக்கைப் பார்க்கவில்லை. முன்னங்கால்களைப் புரட்டினார். உட்புற மயிர் பசையிட்டாற்போல் ஒட்டிக் காய்ந்திருந்தது. "மூக்கைத் துடைச்சுத் துடைச்சு இப்படி ஆயிருக்கு. பத்து நாளாவது இருக்கும்" என்றார். நாங்கள் அறிந்ததோ நான்கு நாட்கள்! பருந்துக்கும் நரிக்கும் இரையாகும் உயிர், நோயை வெளிக்காட்டினால் முதற்பலி தானே என்பதால், இயன்றவரை மறைத்து வைக்குமாம். முனகாது, அழாது. கைகளால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வழக்கம்போல் அமர்ந்திருக்கும். அதை நாங்கள் 'முகம் கழுவுகிறது' என்று படமெடுத்து உறவினர்க்கெல்லாம் அனுப்பியிருந்தோம்.

அன்று கேட்டறிந்தவை பல. நமக்கு மூக்கடைத்தால் வாயைத் திறந்துகொள்வோம். முயலின் தொண்டை அமைப்பு மூக்கால் மூச்சுவிடுவதற்கானது. அது வாய் திறந்து மூச்சுவிடுகிறதென்றால் நிலைமை எல்லை மீறிவிட்டதென்று பொருள். மூக்கடைத்தால் மணம் தெரியாது. மணம் தெரியாவிட்டால் உண்ணாது. அரை நாள் உண்ணாதிருந்தாலே குடல் மந்தமாகத் தொடங்கும். வாந்தியெடுக்கவும் அதனால் இயலாது. சளிக்கு முன்பே பட்டினி உயிரைக் குடித்துவிடலாம்.

"எங்க வெச்சிருக்கீங்க?" என்றும் கேட்டார். அடைத்த சன்னலையும் புடவைகளையும் சற்றுப் பெருமையோடு சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. தேங்கிய சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா மூக்கின் உட்சவ்வை அரித்து நோய்க்கு வழி திறந்துவிடும் என்றார். அடர்ந்த மயிர் போர்த்திய உயிருக்கு மிதமான குளிர் பகையன்று, ஈரமும் காற்றோட்டமின்மையும்தான் பகை. மழைநாள் வாடையென்று நாங்கள் எண்ணியது அந்த நெடியைத்தான். அன்பினால் கட்டிய புடவைகளுக்குள் நான்கு நாட்கள் அதை மூச்சுத்திணற வைத்திருந்தோம்.

என்ரோஃப்ளாக்சசின் மருந்து, நாளைக்கு இருவேளை. கூண்டைத் துணியால் மூடி, நெபுலைசரில் உப்புநீர் ஆவி, பத்து நிமிடம். வெந்நீரில் நனைத்த பஞ்சால் மூக்கு துடைத்தல். உலர்ந்த புல்லைப் பொடித்துக் குழைத்த கூழ், சிரிஞ்சில், சில மணிக்கொரு முறை. மூக்கில் மணம் ஏற வேண்டுமென்று கொத்தமல்லியும் புதினாவும் அருகம்புல்லும். முறைவைத்துக் கண்விழித்தோம். துண்டில் கைக்குழந்தைபோல் சுற்றி, கடைவாயோரம் ஒவ்வொரு சொட்டாகக் கூழ் விடுவோம். நலமான முயல் நிமிடத்துக்கு முப்பது முதல் அறுபது முறை மூச்சுவிடும். விலா ஏறியிறங்குவதைப் பார்த்து எண்ணியபோது தும்பைக்குத் தொண்ணூறைத் தாண்டியது. மளிகைக் கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் நேரம், மூச்சு, கூழின் அளவு, புழுக்கை என்று நான்கு பத்திகள் போட்டு எழுதினோம்.

ஐந்தாம் இரவு, மூன்று மணியிருக்கும். கறுக், கறுக் என்ற ஓசை. விளக்கைப் போடாமல் கேட்டுக்கொண்டிருந்தோம். அருகம்புல் குறைந்துகொண்டிருந்தது. விடிந்ததும் தட்டில் நாற்பத்து மூன்று புழுக்கைகள். அவற்றை எண்ணி மகிழ்ந்த எங்களைப் பார்த்து எங்கள் பெண் சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று.

மூக்குச் சளியின் சோதனை முடிவு வந்தது. பாஸ்சுரெல்லா மல்டோசிடா. லூயி பாஸ்சரின் பெயரைச் சுமக்கும் கிருமி. கோழிகளைக் கொத்துக்கொத்தாய்க் கொல்லும் கோழிக் காலரா இதனால் வருவதே. ஆஸ்திரேலியாவில் முயல்கள் பெருகிப் பயிரை அழித்தபோது, 1887-இல் நியூ சவுத் வேல்ஸ் அரசு அவற்றை ஒழிக்கும் வழிக்கு 25,000 பவுண்டு பரிசு அறிவித்தது. இக்கிருமியைப் பரப்பலாம் என்றார் பாஸ்சர். அடுத்த ஆண்டு அவருடைய உறவினர் அத்ரியான் லுவார் சிட்னித் துறைமுகத்துத் தீவொன்றில் சோதனை நடத்தினார். ஊட்டப்பட்ட முயல்கள் இறந்தன, ஆனால் நோய் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போதுமான அளவு பரவவில்லை. பறவைகளுக்கும் ஆபத்து என்பதால் திட்டம் கைவிடப்பட்டது. அந்தக் கிருமியே எத்தனையோ வளர்ப்பு முயல்களின் மூக்கில் ஓசையின்றிக் குடியிருக்கிறது. அச்சமோ நெடியோ நலிவோ கதவு திறக்கும்வரை அது காத்திருக்கும்.

வாரக்கணக்கில் மருந்து கொடுத்து முடித்தபின், "குணமாகிவிட்டதா?" என்று கேட்டோம். "அடங்கியிருக்கு" என்றார் மருத்துவர். அந்தச் சொல்லை ஏற்றுக்கொள்ள எங்களுக்குச் சில நாட்கள் பிடித்தன.

கானமுயல் வேறு, வீட்டு முயல் வேறு என்பதையும் அதன்பின்தான் படித்தோம். நம் காட்டு முயல் மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். தும்பையின் முன்னோர் ஐபீரியத் தீபகற்பத்தில் வளை தோண்டி வாழ்ந்தவர்கள், அவர்களின் குட்டிகள் மயிரின்றிக் கண் மூடிப் பிறப்பவை. பாட்டிலும் கதையிலும் பழகிய முயலை வைத்து இதை அறிந்துவிட்டதாக எண்ணினோம். எங்கள் உடம்பை வைத்து இதன் உடம்பை அளந்தோம். இரண்டு அளவுகோலும் பொய்த்தன.

இப்போது சன்னல் திறந்தே இருக்கிறது. தட்டைக் காலையும் மாலையும் கழுவுகிறோம். இன்று காலை தும்பை ஒருமுறை தும்மியது. முன்னங்கால்களைப் புரட்டிப் பார்த்தோம். உலர்ந்திருந்தன.