நிகழாத விபத்து

பத்திரிகை அலுவலகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் காலம் கழித்தவனுக்குச் சில தலைப்புகள் மனப்பாடம். 'நீராடச் சென்ற மாணவர் நீரில் மூழ்கி மரணம்' என்பது அவற்றுள் ஒன்று. சித்திரைப் புத்தாண்டு, வெசாக், ஆகஸ்ட் விடுமுறை என்று நாட்காட்டியில் சிவப்பு எழுத்துகள் கூடும்போதெல்லாம் இந்தத் தலைப்பும் தவறாமல் வந்து பக்கத்தில் இடம்பிடித்துக்கொள்ளும். ஊரும் பெயரும் வயதும் மாறும். மற்ற வரிகள் மாறுவதில்லை. நண்பர்களுடன் சென்றார், நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்பட்டார், சடலம் மீட்கப்பட்டது, மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் மேற்கொண்டு வருகின்றனர். ஒற்றைப் பத்தியில் இரண்டு அங்குலம். மலைநாட்டு நிருபர்களிடமிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளில், தேர்தல் காலம் நீங்கலாக, அதிகம் கேட்ட செய்தி இதுவாகத்தான் இருக்கும்.

ஆகவே, 2025 ஆகஸ்டில் கனடாவிலிருந்து வந்திருந்த அக்காவின் மகன், "மாமா, மாத்தளைப் பக்கம் ஆற்றிலே டியூபில் மிதந்து போகலாமாம். உங்களுக்கும் சேர்த்துப் பதிந்துவிட்டேன்" என்றபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது அந்த இரண்டு அங்குலம்தான். மனைவிக்கோ என் வயிறு நினைவுக்கு வந்தது. "அந்த வளையத்துக்குள் இது எப்படி அடங்கும்?" என்று கேட்டார். அடங்கியது என்பதை இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன்.

யாழ்ப்பாணத்தவர்களுக்கு மாத்தளை என்பது ஏ9 வீதியில் கண்டிக்குச் சற்று முன்னால் வரும் ஊர். முத்துமாரியம்மன் கோவில் கோபுரத்தைப் பேருந்துக்குள் இருந்தபடியே கும்பிட்டுவிட்டுக் கடந்துபோவோம். வாசனைத் திரவியத் தோட்டங்களின் விளம்பரப் பலகைகளும், பௌத்தத் திரிபிடகம் முதன்முதலில் ஏட்டில் எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் அலுவிகாரையும் வழியிலேயே வந்துபோகும். அந்த வீதியை விட்டுக் கிழக்கே திரும்பி ரத்தோட்டையைத் தாண்டி மலையேறும் பாதையில், இத்தனை ஆண்டுகளில் நான் போனது மிகக் குறைவு. முறுக்கிய கையின் முட்டிகளைப் போல் தெரிவதால் ஆங்கிலேயர் நக்கிள்ஸ் என்று பெயர் வைத்த மலைத்தொடர் அது. சிங்களத்தில் தும்பற. 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த இலங்கை மத்திய மலைநாட்டின் மூன்று பகுதிகளில் ஒன்று. ரிவர்ஸ்டன் கணவாயில் வாகனத்தை நிறுத்தி இறங்கினால் காற்று ஆளைத் தள்ளுகிறது. பேசிய சொல் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்பதில்லை.

அந்தக் கணவாயில் ஐந்து நிமிடம் நின்றாலே இந்த மலையைப் பற்றிய முக்கியமான பாடம் புரிந்துவிடும். மேற்கே மூடுபனியும் தூறலும். கிழக்கே கண் கூசும் வெயில். மேற்குச் சரிவு தென்மேற்குப் பருவக்காற்றின் மழையை வாங்குகிறது, கிழக்குச் சரிவு வடகிழக்குப் பருவக்காற்றின் மழையை வாங்குகிறது. ஆகஸ்டில் கிழக்கே இறங்கிப் போகிறவன் வறண்ட நாட்டுக்குள் இறங்குவதாகவே நினைப்பான். ஆனால் அவன் குளிக்கப் போகும் ஓடை பிறப்பது, இன்னும் மழை தூறிக்கொண்டிருக்கும் அந்த முகட்டில். கீழே வெயிலில் நிற்பவனுக்கு மேலே பெய்வது தெரியாது. மலையாறுகளில் நிகழும் மரணங்களில் எத்தனையோ இந்த ஒரு தெரியாமையால் நிகழ்பவை.

இலுக்கும்புறவுக்குக் கீழே, தெல்கமு ஓயாவின் கரையில் எங்கள் வழிகாட்டி காத்திருந்தான். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். தன் பெயரை எங்கும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான், எழுதவில்லை. ரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவன். தாய் இன்னும் கொழுந்து பறிக்கிறார். எங்களிடம் தமிழ், உதவிக்கு வந்த இளைஞனிடம் சிங்களம், எங்களோடு சேர்ந்துகொண்ட ஜெர்மன் தம்பதியிடம் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளுக்குள்ளும் தடையின்றிப் போய்வந்தான். பூட்டனுக்குப் பூட்டன் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தவராம். மலையகத் தமிழர் வருகையின் 200 ஆண்டு நினைவாக, 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்த நடைபயணத்தில், கடைசி நாள் தானும் சேர்ந்து நடந்ததாகச் சொன்னான். ஆற்றைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் யாரென்று கேட்டேன். இரண்டு பேரைச் சொன்னான். "கலங்கின தண்ணியில கால வைக்காத" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த அப்பாயி ஒருவர். இந்த ஓடைக்கரையிலேயே வயல் செய்யும் வயதான சிங்கள விவசாயி மற்றவர்.

டியூப் என்பது வேறொன்றுமில்லை, லொறிச் சக்கரத்தின் உள்வளையம்தான். நடுவில் கயிற்றைப் பின்னி இருக்கையாக்கியிருந்தார்கள். காற்றடிக்கும் வால்வு தொடையைக் கிழிக்காதிருக்க அதன்மேல் பழைய ரப்பர்த் துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். உயிர்காப்பு அங்கி, தலைக்கவசம், அவ்வளவுதான். துடுப்பு கிடையாது. கித்துல்கலவில் களனி கங்கையில் படகோட்டுகிறவர்களுக்குத் துடுப்பாவது உண்டு, ஆற்றோடு கொஞ்சம் வாதாடலாம். டியூபில் இருப்பவனுக்கு வாதாட இரண்டு உள்ளங்கைகள் மட்டுமே.

இறங்குவதற்கு முன் அவன் கால்மணி நேரம் பேசினான். மருமகன் பொறுமையிழந்து கைபேசியை நோண்டத் தொடங்கினான். எனக்கோ அந்தக் கால்மணி நேரம்தான் பயணத்தின் சிறந்த பகுதி. டியூபிலிருந்து விழுந்தால் எழுந்து நிற்க முயலக் கூடாது என்பது முதல் விதி. முழங்கால் அளவு தண்ணீர்தானே என்று எவருக்கும் நிற்கத்தான் தோன்றும். ஊன்றிய கால் இரண்டு பாறைகளுக்கு இடையே சிக்கிக்கொள்ளும். பின்னாலிருந்து வரும் நீர் உடலை முன்னே மடக்கி முகத்தை அமிழ்த்திவிடும். நீச்சல் தெரிந்தவனும் இரண்டடித் தண்ணீரில் இறப்பது இப்படித்தான். மல்லாந்து, கால்களை ஆறு போகும் திசையில் நீட்டி, பாதங்களை நீர்மட்டத்துக்கு உயர்த்திக்கொண்டு மிதக்க வேண்டும். இரண்டாவது, விழுந்து கிடக்கும் மரங்களையும் மூங்கில் புதர்களையும் பற்றக் கூடாது. அவற்றினூடே தண்ணீர் போய்விடும், ஆள் போக மாட்டான், சல்லடையில் சிக்கிய சக்கைபோல் அங்கேயே அழுத்தப்படுவான். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது உடலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பது பள்ளிக்கூடத்துப் பௌதிகம். அவன் அதை அப்படிச் சொல்லவில்லை. "கொஞ்சம் கூடுனா ரொம்பக் கூடும்ங்க ஐயா" என்றான். பாடநூலைவிட நன்றாகவே விளங்கியது.

மூன்றாவதாக ஒரு கல்லைக் காட்டினான். நடு ஓடையில், யானையின் முதுகுபோல் ஒரு பாறை. அதன் பக்கத்தில் வெளிறிய கோடொன்று. கோடு தெரியும்வரை பயணம் உண்டு, கோடு நனைந்தால் இல்லை. இதேபோல் கீழே இன்னும் இரண்டு இடங்களில் கல் பார்த்து வைத்திருக்கிறார்களாம்.

பிறகு மிதந்தோம். அதை விரிவாக வருணிக்கும் எண்ணமில்லை. இலைகளினூடே வானம் சுழன்றது. உண்மையில் சுழன்றவன் நான். நுரைத்துப் பாயும் இடங்களில் இடுப்பைத் தூக்காவிட்டால் பாறை தன் இருப்பை உரிய இடத்தில் உணர்த்தியது. மடு வரும்போது ஓசையெல்லாம் அடங்கி, வளையம் தானாகவே மெல்ல நின்றுவிடும். ஐம்பதைத் தாண்டிய பிறகு உடலின் பாரம் தன்னுடையதல்ல என்று உணரும் தருணங்கள் அரிது. அதற்காகவே இன்னொரு முறை போவேன்.

மூன்றாவது மடுவில், பாதித் தூரம்கூடக் கடந்திராத நிலையில், அவன் விசில் ஊதினான். எல்லோரையும் இடது கரைக்கு ஒதுக்கச் சொன்னான். நான் பார்த்தவரை ஒன்றும் மாறவில்லை. வெயில் அப்படியே அடித்தது. "என்ன தம்பி, என்ன பிரச்சினை?" என்றேன். "தண்ணி நெறம் மாறிருச்சுங்க ஐயா. மேல மழை" என்று மிதந்து வந்த சருகுகளைக் காட்டினான். உலர்ந்த சருகுகள் அல்ல, பச்சை இலைகளும் பிய்ந்த சுள்ளிகளும். குனிந்து பார்த்தபோது, கண்ணாடியாக இருந்த நீரில் நீர்த்த தேநீரின் சாயல் தெரிந்தது. அவன் சொல்லியிராவிட்டால் அது என் கண்ணில் பட்டிருக்காது.

அடுத்த பத்து நிமிடங்கள் சுகமானவை அல்ல. மருமகன், "இன்னும் பாதி இருக்கே, மாமா" என்று என் காதிலும், சற்று உரக்க ஆங்கிலத்தில் அவனிடமும் சொன்னான். ஜெர்மன்காரர் மரியாதையாகத்தான் கேட்டார், ஆனால் கேட்டது பணத்தை. பாதிப் பயணத்துக்கு முழுக் கட்டணமா? வழிகாட்டி தன் முதலாளிக்குத் தொலைபேசி எடுத்தான். மறுமுனையில் இருந்தவர் பேசியது எனக்குக் கேட்கவில்லை, இவன் முகம் இறுகியது மட்டும் தெரிந்தது. "இல்ல, எறங்க முடியாது" என்று சிங்களத்தில் இரண்டு தடவை சொன்னான். பிறகு எங்களிடம் திரும்பி, "இன்னைக்கு இவ்வளவுதாங்க" என்றான். குரல் உயரவில்லை. டியூபுகளைத் தோளில் மாட்டிக்கொண்டு, மிளகுக்கொடி படர்ந்த சரிவு வழியே வீதிக்கு ஏறினோம்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டம்பரில் 1,350 ரூபாயாக்கப்பட்டது. நாங்கள் ஒவ்வொருவரும் அன்று கட்டியது, வழிகாட்டியின் தாயார் ஏறக்குறைய நான்கு நாள் கொழுந்து பறித்துப் பெறும் கூலி. அந்தக் கட்டணத்தில் அவனுக்குக் கிடைப்பது சிறு பங்கு, அதுவும் பயணம் முடிந்தால்தான் முழுதாய்க் கிடைக்கும் என்று பிறகு தேநீர்க் கடையில் சொன்னான். இணையத்தில் யாராவது ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டால் அடுத்த வாரம் வேலைக்கு அழைப்பு வராது. அப்படியானால், முடியாது என்று சொல்ல வேண்டிய ஒரே ஆளைத்தான், அப்படிச் சொன்னால் நட்டப்படும் இடத்தில் நிறுத்தியிருக்கிறோம். டியூபும் அங்கியும் யாரிடமும் வாடகைக்குக் கிடைக்கும். உல்லாசப் பயணி காசு கொடுத்து வாங்குவது உண்மையில் அந்த மறுப்பைத்தான், ஆனால் அது கிடைத்ததும் காசைத் திருப்பிக் கேட்கிறான்.

மறுப்பதற்கு ஆளில்லாத இடங்களில் என்ன நடக்கும் என்பதற்கு லாவோஸின் வாங் வியெங் சாட்சி. நாம் சங் ஆற்றில் டியூபில் மிதப்பதற்காக உலகெங்கிலுமிருந்து இளைஞர் அங்கே குவிந்தார்கள். கரை நெடுகிலும் மதுக்கடைகள், ஊஞ்சல்கள், சறுக்குகள். 2011ஆம் ஆண்டில் மட்டும் ஆற்றோடு தொடர்புடைய மரணங்கள் 27 என்று அங்குள்ள மருத்துவமனை கணக்குச் சொன்னது. 2012இல் அரசாங்கம் கரையோர மதுக்கடைகளை மூடியது. 27 உயிர்கள் போன பின்னர் அரசாங்கம் சொன்ன 'முடியாது' அது.

தேநீர்க் கடையில் இருந்தபோது மருமகன் வீதியோரத்திலிருந்து ஓடையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். அவன் எதிர்பார்த்தது பெருவெள்ளம். தண்ணீர் ஏறியிருந்தது ஒரு முழம் இருக்கலாம். நிறம் மட்டும் செம்மண்ணாகிவிட்டது. "இவ்வளவுதானா!" என்றான். போயிருந்தாலும் ஒருவேளை பத்திரமாகவே கரை சேர்ந்திருப்போம். சேராமலும் போயிருப்போம். இரண்டில் எது என்பதை இனி எவராலும் நிரூபிக்க முடியாது. விபத்து நிகழ்ந்தால் நிருபர் வருவார், பொலிஸார் வருவர், மரண விசாரணை நடக்கும். நிகழாவிட்டால் பாதிப் பயணத்துக்குப் பணம் கொடுத்த எரிச்சல் மட்டுமே எஞ்சும். 'மூன்றாவது மடுவில் கரையேற்றப்பட்ட ஐவர் தேநீர் அருந்தினர்' என்று எந்த நிருபரும் தொலைபேசியில் சொல்ல மாட்டார். சொன்னாலும் எந்த ஆசிரியரும் போட மாட்டார். ஆசிரியர் பீடத்தில் நான் இருந்தாலும் போட மாட்டேன். செய்தித்தாளின் இயல்பு அப்படி.

மூன்று மாதம் கழித்து, 2025 நவம்பர் இறுதியில், டித்வா புயல் இலங்கையைக் கடந்தது. ரத்தோட்டைக்கு மேலே உள்ள கம்மடுவையில் ஒரே நாளில் 500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. சென்னைக்கு ஓராண்டில் கிடைக்கும் மழையில் மூன்றிலொரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை என மலைநாடு முழுவதும் சரிந்தது. நாட்டில் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மின்சாரமும் தொலைபேசியும் அறுந்திருந்த அந்த நாட்களில், தேநீர்க் கடையில் வாங்கி வைத்திருந்த அவனுடைய எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தேன். மருமகனும் தொரன்டோவிலிருந்து தினமும் கேட்டுக்கொண்டிருந்தான்.

எட்டாவது நாள் அவனே அழைத்தான். லயத்தின் பின்சுவருக்கு மேலே மண் வெடித்திருந்ததைக் கண்டு, முதல்நாள் மாலையே தாயையும் பக்கத்துக் காம்பராக்காரர்களையும் பாடசாலைக்கு அழைத்துப் போய்விட்டானாம். சிலர் வர மறுத்தார்களாம், ஏசினார்களாம். "மழைக்குள்ள எங்கடா இழுத்துக்கிட்டுப் போறன்னு கேட்டாங்க" என்று சிரித்தான். லயம் பாதி மண்ணுக்குள். ஆட்கள் எல்லோரும் இருக்கிறார்கள்.

ஓடையைப் பற்றிக் கேட்டேன்.

"அந்தக் கோடு போட்ட கல்லு இல்லீங்க ஐயா. பொரண்டு எங்கயோ போயிருச்சு. ஆறே கொஞ்சம் தள்ளி ஓடுது. தண்ணி தெளியட்டும், புதுசா ஒரு கல்லு பாக்கணும்" என்றான்.