செக்ரோல் பெயரும் மரணச் சான்றிதழ் பெயரும்

பெற்றவர் கொடுக்காமல் விட்டுப்போன வருமான வரி அறிக்கையை, அவர் இறந்த பிறகு பிள்ளைகள் கொடுத்து முடிக்கவேண்டிய வீடுகள் கொழும்பில் உண்டு. நுவரெலியாக் கடைத்தெருவிலும் இருக்கலாம். தேயிலைத் தோட்டத்து லயத்தில் அந்தக் கவலை இல்லை. இங்கே பாக்கி இருப்பது இறந்தவருக்கு வரவேண்டிய பணம்: சேமலாப நிதி, நம்பிக்கை நிதி, சேவைக்காலப் பணம். ஹட்டனைச் சுற்றியுள்ள தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்த மூன்றுக்கும் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது என் வேலை. மனம் வைத்துச் செய்கிற வேலை.

1958ஆம் ஆண்டுச் சட்டப்படி சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 8 பிடிக்கப்படும். தோட்டம் 12 சேர்க்கும். 1980இல் வந்த நம்பிக்கை நிதிக்குத் தோட்டம் மட்டும் 3 கட்டும். 1983ஆம் ஆண்டுச் சட்டம் சேவைக்காலப் பணத்துக்கானது. ஐந்து வருடம் வேலை செய்த நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். கடைசி நாட்சம்பளம் 1,000 ரூபாய், சேவை 30 வருடம் என்றால் 420,000 ரூபாய். கணக்கில் ஒரு வருடம் விடுபட்டால் 14,000 போய்விடும். லயத்து வீட்டில் அது சின்னத் தொகை இல்லை.

யாராவது வந்தால் நான் முதலில் படிவத்தைத் தொடுவதில்லை. அவர்கள் கொண்டுவரும் சொப்பின் பையைக் கவிழ்த்து, கடதாசிகளை ஆண்டு வரிசையில் அடுக்குவேன். பிறப்புச் சான்றிதழ், பிரஜாவுரிமைச் சான்றிதழ், சேமலாப நிதி அட்டை, அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி, கடைசியாக மரணச் சான்றிதழ். ஒவ்வொன்றிலும் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து ஒரு தாளில் எழுதுவேன். ஒரே பெண் முத்தம்மா, முத்தாயி, முத்துலெட்சுமி என்று மூன்று பேராக நிற்பாள். 1948இல் குடியுரிமை பறிபோன சனம் நாங்கள். 1964 இலங்கை–இந்திய ஒப்பந்தத்தில் பாதிப்பேர் இந்தியாவுக்கு என்று பிரிக்கப்பட்டு, கடதாசிக்காகவே பல வருடம் அலைந்தவர்கள். எங்கள் பெயரை எழுதியவர் எல்லாரும் தங்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பெயரைத் திருத்தாதே. சேமலாப நிதிக் கணக்கில் பிழையாக இருந்தால் பிழையாகவே எழுது. கொழும்பில் அந்தப் பிழையான பெயரில்தான் பணம் இருக்கிறது. சரியான பெயர் பக்கத்தில் வரட்டும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து இணைக்கலாம்.

கடதாசி சொல்லாததைச் சில நேரம் ஆள்தான் சொல்ல முடியும். ஒரு மகள் கொண்டுவந்த கடதாசிக் கட்டில் தாயின் சேமலாப நிதி அட்டை இல்லை. தோட்டத்து ஆபீஸிலும் தாயின் பெயரில் ஒன்றும் அகப்படவில்லை. தாயோடு ஒரே மலையில் கொழுந்து எடுத்த ஒரு பாட்டியைக் கூட்டிவரச் சொன்னேன். "அவ பேரு செக்ரோல்ல பாப்பாத்தின்னுதான் தம்பி இருக்கும். எங்க கூட்டத்துல முத்தம்மான்னு ரெண்டு பேரு. கணக்கப்பிள்ளதான் ஒருத்திக்கு மாத்திப் போட்டாரு" என்றார். செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலைப் பதிவேட்டில், பாப்பாத்தி என்று தேடியதும் சேமலாப நிதி நம்பர் கிடைத்தது. மகளுக்கே தெரியாத பெயரில் அந்தத் தாய் அத்தனை வருடமும் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நின்றிருக்கிறாள். அந்தப் பெயரை மகள் தன் கையால் படிவத்தில் எழுதவேண்டும் என்று நினைத்தேன்; பேனாவை அவளிடம் கொடுத்தேன்.

நம்பர் ஒன்று கிடைத்ததும் நிற்கக்கூடாது. எழுபதுகளில் தோட்டங்கள் அரசின் கைக்குப் போயின. 1992இல் கம்பெனிகளின் கைக்கு வந்தன. நிர்வாகம் மாறியபோது தொழில்தருநர் இலக்கமும் மாறியிருக்கலாம். ஆள் அதே லயத்தில், அதே மலையில் இருந்திருப்பார். கணக்கு மட்டும் இரண்டாகியிருக்கும். எந்தெந்த வருடம் யாருடைய நிர்வாகம் என்று கேட்டுக் குறித்துக்கொண்ட பிறகுதான், இறந்தவரின் உரித்தாளிகளுக்கான எல் படிவத்தை நான் எடுப்பேன்.

இவ்வளவும் ஆள் உயிரோடு இருக்கும்போது ஒரு காலைப்பொழுதில் முடிகிற வேலை. தாய் தகப்பன் இன்னும் மலைக்குப் போகிறார்கள் என்றால், இந்த ஞாயிற்றுக்கிழமையே அவர்களின் சேமலாப நிதி அட்டையையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயர் ஒத்துவராவிட்டால் தோட்டத்து ஆபீஸிலும் தொழில் திணைக்களத்திலும் இப்போதே திருத்தக் கேளுங்கள். பின்னுரித்தாளியாக யாரைப் போட்டிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். வேலைக்குப் பேர் பதிந்த வயதில் போட்ட தங்கள் தாயின் பெயரே பலருக்கு இன்னும் அதில் இருக்கிறது. அந்தத் தாய் இறந்து எத்தனையோ வருடமாகியிருக்கும். அதை மாற்றச் சொல்லுங்கள். செக்ரோலில் என்ன பெயர் என்றும் அவர்களிடமே கேட்டு எழுதி வையுங்கள்.